தலைப்பிரசவமும் தாய் வீட்டுப் பிரயாணமும்

நமது ஜில்லாவிலுள்ள கூட்டுறவுச் சங்கங்களின் நகைக்கடன் மனுக்களைப் பார்வையிடுங்கால், கடன் கோருவதற்குக் காரணமாக அங்கத்தினர் வாயால் அடிக்கடி கேட்கப்படுவது மகளின் பிரசவச் செலவு என்பதாகும். தலைப்பிரசவம் தாய் வீட்டாரின் பொறுப்பு என்பது செங்கற்பட்டு முதல் மாமல்லபுரக் கடற்கரை வரையில் உழவர், மீனவர், சிற்பிகள், கூலிக்காரர் என்ற பேதமின்றிப் பெரும்பாலும் அனுசரிக்கப்பட்டு வரும் வழக்கம். அவ்வாறு வாங்கும் பணத்தில் பெரும்பகுதி வளைகாப்பு விருந்துக்கும், குழந்தை பிறந்த பின் செய்யும் சீர்களுக்கும் செலவாகிவிடுகிறது. பிரசவத்திற்கு முந்திய மூன்று மாதங்களில் அவசியம் நடைபெற வேண்டிய பரிசோதனைகளோ அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் காசில்லாமலே செய்யப்படுகின்றன. காசு கேட்காத காரியமாயிருப்பதனாலோ என்னவோ, அதனை வீட்டில் ஒருவரும் கணக்கில் எழுதிக்கொள்வதில்லை.

இதற்கு வீட்டார் கூறும் சமாதானம் ஒன்றுண்டு. “பெண் நன்றாகத்தானே இருக்கிறாள்; நடக்கிறாள், உண்கிறாள், உறங்குகிறாள்; ஆஸ்பத்திரிக்கு எதற்காகப் போகவேண்டும்?” என்பார்கள். சங்கத்தின் காரியங்கள் செவ்வனே நடக்கின்றன என்பதற்காக வருஷாந்தரத் தணிக்கையை எவரும் நிறுத்திவிடுவதில்லை. செவ்வனே நடக்கின்றனவா என்பது பேரேட்டைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் தெரியவருகிறது. கர்ப்பவதியின் தேகஸ்திதியும் இத்தகையதே. முதற்பிள்ளைக்காரிக்குக் கடைசி மாதங்களில் நேரக்கூடிய கேடுகளில் மிகக் கொடியது, ஆரம்பத்தில் அவளுக்கு யாதொரு உபாதையும் உண்டாக்காமலே வருவது. அதனைப் பின்னர் விவரிப்போம்.

பிரசவ வலி கண்ட பிறகே ஸ்திரீகளை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வது என்பதுதான் முற்காலத்து ஏற்பாடு. சென்னையில் 1844ஆம் வருஷத்தில் பிரசவ ஆஸ்பத்திரி ஏற்பட்டது. அதுவே இன்று எழும்பூரிலுள்ள தாய்சேய் நல ஆஸ்பத்திரி. வலி காண்பதற்கு முன்னரே மாதந்தோறும் கர்ப்பவதியைப் பார்த்து வருவது என்ற கருத்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் உலகில் வேரூன்றியது. 1929இல் இங்கிலாந்தின் சுகாதார இலாகா இதற்கு ஒரு கால அட்டவணையை வகுத்தது. 28 வாரம் வரையில் நீண்ட இடைவெளி, 36 வாரம் வரையில் இரு வாரத்திற்கொரு முறை, பின்னர் வாரந்தோறும் என்பது அதன் போக்கு. நமது நாட்டிலோ, 1946இல் வெளியான போர் கமிட்டியின் அறிக்கை, ஆயிரம் பிரசவங்களுக்கு ஏறக்குறைய 20 தாய்மார் இறப்பதாக மதிப்பிட்டது. அதாவது இலட்சத்திற்கு 2,000. ஆரம்ப சுகாதார நிலையங்கள் என்ற ஏற்பாட்டிற்கு வித்திட்டதும் அவ்வறிக்கையே. 2018-20ஆம் ஆண்டுகளுக்கான அரசாங்க மாதிரிக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இவ்வெண்ணிக்கை இலட்சத்திற்கு 54. இந்தியா முழுமைக்கும் 97. இவ்வளவு குறைந்ததற்குப் பல காரணங்கள் உள. வலி வருமுன்னரே பார்த்துவிடுவது அவற்றுள் தலையாயவற்றில் ஒன்று.

இனி, நாட்கணக்கை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கடைசியாக மாதவிலக்கான முதல் நாளிலிருந்து 280 நாட்கள், அதாவது 40 வாரங்கள், கர்ப்ப காலமாகும். அந்நாளுடன் ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் உத்தேசப் பிரசவ தேதி கிடைக்கும். நம்முடைய பாட்டிமார் “பத்து மாதம் சுமந்து” என்று சொல்வது பிழையன்று. இருபத்தெட்டு நாள் கொண்ட மாதமாக எண்ணினால் 280 நாள் சரியாகப் பத்து மாதமே. ஆனால் வீட்டில் ஒருவர் தமிழ் மாதத்தாலும், மற்றொருவர் ஆங்கில மாதத்தாலும், டாக்டர் வாரத்தாலும் எண்ணும்போது குழப்பம் உண்டாகிறது. “ஒன்பது நடக்கிறது” என்று வீட்டார் சொல்லும் பெண்ணுக்கு 33 வாரமும் இருக்கலாம், 37 வாரமும் இருக்கலாம்; அவ்விரண்டிற்கும் சிசுவின் நிலையில் பெரிய வித்தியாசம் உண்டு. ஆகையால் வாரக் கணக்கையே கைக்கொள்வது நலம். ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தது பிழைக்காது என்ற நம்பிக்கையும் நம் கிராமங்களில் உண்டு. இதற்கு ஆதாரமில்லை. நாள் ஏற ஏறக் குழந்தையின் சுவாசப் பைகள் முதிர்கின்றன. எட்டில் பிறந்ததற்கு ஏழில் பிறந்ததைவிடப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2016இல் வெளியிட்ட யோசனையின்படி ஒரு கர்ப்பவதியை எட்டு முறை பார்க்க வேண்டும்: 12, 20, 26, 30, 34, 36, 38, 40 ஆகிய வாரங்களில். இவ்வெட்டில் ஐந்து, 30ஆம் வாரத்திலும் அதற்குப் பின்னும் வருகின்றன என்பதை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். நமது நாட்டில் குறைந்த பட்சமாக விதித்திருக்கும் நான்கு பரிசோதனைகளிலும் இரண்டு 28ஆம் வாரத்திற்குப் பிற்பட்டவையே.

சரியாக இந்தக் காலத்திலேதான் நம் பெண் ஊர் மாறுகிறாள். ஏழிலோ ஒன்பதிலோ வளைகாப்பு முடிந்தவுடன் தாய் வீட்டிற்கு அழைத்துச் செல்லப்படுகிறாள். மதுராந்தகத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்ட பெண் சதுரங்கப்பட்டினத்திற்கும், திருப்போரூரில் வாழும் பெண் திருக்கழுக்குன்றத்திற்கும் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதுவரையில் அவளைப் பார்த்து வந்த கிராம சுகாதாரச் செவிலியர் வேறு, இனிமேல் பார்க்க வேண்டியவர் வேறு. புக்ககத்தார், “எல்லாம் இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்று இருந்துவிடுகின்றனர். பிறந்தகத்தாரோ, “அங்கேயே எல்லாப் பரிசோதனையும் முடித்துத்தான் அனுப்பியிருப்பார்கள்” என்று எண்ணிக்கொள்கின்றனர். இரண்டு வீட்டாருக்கும் பெண்ணின் மேல் அன்பில்லை என்று எவரும் கூற முடியாது. ஆயினும் நான்கு வாரமோ ஆறு வாரமோ அவளை ஒருவரும் பரிசோதியாமல் கழிந்துவிடுகிறது. தாய்-சேய் நலப் புத்தகமும் புக்ககத்துப் பீரோவிலேயே கிடந்துவிடுமானால், அவளுடைய இரத்த வகை யாது, முன்பு இரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தது, ஊசிகள் போட்டாயிற்றா என்பவற்றைப் புதிய இடத்தில் ஊகித்தறிய வேண்டியதாகிறது.

வழக்கத்தைக் கைவிடும்படி நாம் சொல்லவில்லை. முதற்பிள்ளைக்காரிக்குத் தாயின் அருகாமையைவிடப் பெரிய ஆறுதல் வேறில்லை. வளைகாப்பிற்கு நாள் குறிக்கும்போதே மூன்று ஏற்பாடுகளைச் செய்துகொள்ள வேண்டுமென்பதே எமது யோசனை. புறப்படுவதற்கு முந்திய வாரத்தில் இங்குள்ள செவிலியரிடம் போகும் ஊரைத் தெரிவித்தல். தாய்-சேய் நலப் புத்தகத்தையும், ஸ்கான் மற்றும் இரத்தப் பரிசோதனைத் தாள்களையும் சீர்த்தட்டோடு சேர்த்தே எடுத்து வைத்தல். தாய் வீடு சேர்ந்த ஒரு வாரத்திற்குள் அவ்வூர்ச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொள்ளல். கர்ப்பிணிகளைப் பதிவு செய்து கொடுக்கப்படும் எண் எந்த ஊருக்குச் சென்றாலும் செல்லுபடியாகும். அவ்வெண்ணை ஒரு காகிதத்தில் எழுதிக் கணவனும் தன்னிடம் வைத்திருக்க வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில், பணமாகவும் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் கிடைக்கும் 18,000 ரூபாய்க்கும் அப்பதிவு அவசியமாயிருக்கிறது.

மேலே குறிப்பிட்ட கேட்டை இனி விவரிப்போம். கர்ப்பத்தின் இருபதாம் வாரத்திற்குப் பிறகு, முன்பு சரியாயிருந்த இரத்த அழுத்தம் சிலருக்கு உயரத் தொடங்குகிறது. மேல் அளவு 140 ஆகவோ, கீழ் அளவு 90 ஆகவோ அதற்கு மேற்பட்டோ இருந்தால் அது கவலைக்குரியது. அத்துடன் சிறுநீரில் புரதமும் இறங்குமானால் நோய் பெரும்பாலும் உறுதிப்படும். நஞ்சுக்கொடி கருப்பையில் சரிவரப் பதியாமையால் விளையும் கோளாறு இது என்பது டாக்டர்களின் துணிபு. பல முறை பெற்றவர்களைவிட முதற்பிள்ளை உண்டானவர்களுக்கே இது மிகுதியாக வருகிறது. முற்றினால் வலிப்பு உண்டாகித் தாயையும் சிசுவையும் ஒருங்கே கொள்ளை கொள்ளும். வலிப்புக் கண்ட பெண்ணைக் காற்றுப் பட்டதென்று மந்திரிக்க அழைத்துச் சென்று, பொன்னான மணி நேரங்களை இழந்த குடும்பங்கள் முற்காலத்தில் எத்தனையோ.

இதில் விபரீதம் யாதெனில், அழுத்தம் 150 ஆக ஏறிய பெண்ணும் தனக்கு ஒன்றுமில்லையென்றே சொல்வாள். அவள் பொய் சொல்லவில்லை; உண்மையிலேயே அவளுக்கு ஒன்றும் தெரியாது. கையில் பட்டையைச் சுற்றி இரண்டு நிமிஷம் அளந்து பார்ப்பதும், சிறுநீரைச் சோதிப்பதும் தவிர இதனை முன்கூட்டி அறிய வேறு மார்க்கமில்லை. மாலையில் கணுக்கால் வீங்குவது கர்ப்பவதிகளில் பெரும்பாலோருக்கும் உள்ளதே. அதனால் மட்டும் பயப்பட வேண்டியதில்லை. முகமும் விரல்களும் வீங்கி வளையல் இறுகுதல், விடாத தலைவலி, கண் மங்குதல் அல்லது மின்னுவது போலத் தோன்றுதல், நெஞ்சுக்குழியின் கீழ் வலி ஆகியவை கண்டால் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே அழுத்தத்தைக் குறைக்க மருந்தும், வலிப்பைத் தடுக்க மக்னீஷியம் ஸல்பேட் ஊசியும் உண்டு. முடிவான சிகிச்சை பிரசவமே. அதனை எப்பொழுது செய்விப்பது என்று தீர்மானிக்க டாக்டருக்கு முந்திய வாரங்களின் அளவுகள் வேண்டும். புத்தகத்தைக் கையோடு கொண்டு போகும்படி மேலே வற்புறுத்தியதன் தாத்பரியம் இதுவே.

அடுத்தபடியாக இரத்தசோகை. கர்ப்பவதியின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறையலாகாது. 7க்குக் கீழ் இறங்கினால், பிரசவத்தில் சாதாரணமாகப் போகும் இரத்தமே அவள் உயிருக்கு உலை வைக்கலாம். நாலாம் மாதம் முதல் நாளொன்றுக்கு ஒரு இரும்புச்சத்து மாத்திரை வீதம் 180 நாள் கொடுக்கிறார்கள். மலம் கறுத்துப் போகிறது, வயிற்றைப் புரட்டுகிறது என்று பல பெண்கள் அவற்றைப் பெட்டியில் போட்டு வைத்துவிடுகின்றனர். மலம் கறுப்பது மாத்திரையின் இயல்பு, அதனால் கெடுதியில்லை. இரவு உணவிற்குப் பின் சாப்பிட்டால் புரட்டல் குறையும். காப்பி, தேயிலையோடு சாப்பிட்டால் சத்து உடலில் சேராது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் அதே வேளையில் சாப்பிடாமல் பகலில் உணவோடு சாப்பிட வேண்டும். எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவை இரும்பை உடல் ஏற்கத் துணை செய்வன. மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், நாள் நெருங்கிவிட்டவர்களுக்கும் இரும்புச்சத்தை ஊசி மூலம் நரம்பில் ஏற்றும் சிகிச்சை உண்டு. ஆனால் அது பயன் தரவும் சில வாரங்கள் வேண்டும். முப்பதாம் வாரத்தில் கண்டுபிடித்த சோகைக்கும், வலியோடு வந்த அன்று கண்டுபிடித்த சோகைக்கும் உள்ள பேதம் இதுதான்.

இரத்தத்தில் சர்க்கரை அளவு, தாயின் இரத்த வகை முதலியவற்றையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். தாய்க்கு நெகடிவ் வகையும் கணவனுக்குப் பாஸிடிவ் வகையுமானால், இருபத்தெட்டாம் வாரத்தையொட்டியும் பிரசவமான பின்னரும் ஒரு விசேஷ ஊசி தேவைப்படும். முதற்குழந்தைக்கு இதனால் பெரும்பாலும் தொல்லையிராது. அலட்சியம் செய்தால் அடுத்த குழந்தையே அவதிக்குள்ளாகும். ரண ஜன்னிக்கான தடுப்பூசி ஒரு மாத இடைவெளியில் இரண்டு.

ஆகார விஷயத்தில், கடைசி மாதங்களில் அதிகம் உண்டால் குழந்தை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்று சோற்றைக் குறைக்கும் மாமியார்களும் தாய்மார்களும் இன்னும் இருக்கின்றனர். சிசு மிகுதியாக எடை கூடுவது இக்கடைசி வாரங்களிலேதான். அப்பொழுது உணவைக் குறைப்பது கதிர் பிடிக்கும் சமயத்தில் வயலுக்குத் தண்ணீரை நிறுத்துவதை ஒக்கும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, நிலக்கடலை, பயறு வகைகள், முட்டை இவற்றிற்குப் பெரும் பணம் வேண்டாம். கடற்கரைக் குப்பங்களில் நெத்திலி, கவலை போன்ற சிறு மீன்கள் மலிவு. நெத்திலியை முள்ளோடு உண்பதால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது. கர்ப்ப காலத்தில் பெருஞ்சுறாவைத் தேடி வாங்க வேண்டியதில்லை. பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கக் கூடுமாதலால் சிறு மீனே சிலாக்கியம். அங்கன்வாடிகளில் நடைபெறும் சமுதாய வளைகாப்பிற்குச் சென்று வருவதிலும் நன்மை உண்டு. சத்துணவைப் பற்றிய பேச்சை மாமியாரும் கூட இருந்து கேட்பார்.

ஒவ்வொரு முறையும் செவிலியர் நாடாவால் வயிற்றை அளப்பதைப் பார்த்திருக்கலாம். இருபத்து நான்காம் வாரத்திற்குப் பின், அளவு எத்தனை சென்டிமீட்டரோ ஏறக்குறைய அத்தனை வாரம் என்பது கணக்கு. அளவு வாரத்திற்கு மிகவும் பின்தங்கினால் சிசு வளரவில்லையோ என்று ஸ்கான் பார்க்கச் சொல்வார்கள். 36ஆம் வாரத்தில் சிசுவின் தலை கீழ்நோக்கியிருக்கிறதா என்பதை அவசியம் பார்க்க வேண்டும். பிருஷ்டமோ காலோ கீழிருந்தால் டாக்டர்கள் உள்ள பெரிய ஆஸ்பத்திரியிலேயே பிரசவம் நடக்க வேண்டும். முதற்கர்ப்பத்தில் நாளுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தலை இறங்கி, மூச்சு விடுவது சற்று இலகுவாகும். “வயிறு இறங்கிவிட்டது” என்று பெரியவர்கள் சொல்வது இதையே.

வீட்டிலிருந்தபடியே பெண் தானே செய்துகொள்ளக்கூடிய பரிசோதனை ஒன்றுண்டு; அது சிசுவின் அசைவை எண்ணுதல். உணவுக்குப்பின் இடப்பக்கமாகப் படுத்து, கவனத்தை வேறெங்கும் செலுத்தாமல் எண்ணினால், இரண்டு மணி நேரத்திற்குள் பத்து அசைவாவது தெரிய வேண்டும். நாள் நெருங்கினால் குழந்தை அடங்கிவிடும் என்று சொல்வது தவறு. அசைவின் விதம் மாறலாம், அசைவு குறையலாகாது. குறைந்ததாகத் தோன்றினால் விடியட்டும் என்று காத்திராமல் போய் இருதயத் துடிப்பைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கே பிரசவம், எந்த வண்டி, உடன் செல்பவர் யார், இரத்தம் தேவையானால் கொடுக்கக்கூடியவர் யார் என்பவற்றை 36ஆம் வாரத்திற்குள் தீர்மானித்துவிட வேண்டும். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கற்பட்டு அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஏறக்குறைய 30 கிலோமீட்டர். 108 எண்ணுக்குத் தெரிவித்தால் ஆம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆயினும் விடுமுறை நாட்களில் கிழக்குக் கடற்கரைச் சாலையின் நெரிசலை இவ்வட்டாரத்தார் அறிவார்கள். இரண்டாவது வண்டி ஒன்றையும் பேசி வைப்பது நலம். வலி ஒழுங்கான இடைவெளியில் வந்து வரவர நெருங்கிப் பலப்படுமானால் அது மெய்வலி. நடந்தாலும் படுத்தாலும் தணிவது பொய்வலி. பனிக்குடம் உடைந்து நீர் வெளியானால் வலி இல்லாவிடினும் உடனே புறப்பட வேண்டும். இரத்தம் கண்டால் கேள்வியே இல்லை. சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் கடன் வட்டி விகிதத்தின் பக்கத்தில், அவ்வூர்ச் செவிலியரின் தொலைபேசி எண்ணையும் கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாளையும் எழுதி வைக்க நிர்வாகக் குழு தீர்மானிக்குமானால் அதற்குச் செலவு ஒரு சுண்ணாம்புக் கட்டியே.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் நாள் குறிக்கப்பட்டவர்களுக்கு மேலும் ஒரு ஜாக்கிரதை வேண்டும். 2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை அடுத்தே கரை கடந்தது. புயல் அறிவிப்பு வந்தபின் மரம் விழுந்த சாலையில் ஆம்புலன்ஸை எதிர்பார்ப்பது இயலாது. 37 வாரம் கடந்தவர்கள், அறிவிப்புக் கேட்ட பகலிலேயே செவிலியரைக் கலந்து, ஆஸ்பத்திரியிலோ அதற்கு அருகிலுள்ள உறவினர் வீட்டிலோ போய்த் தங்கிவிட வேண்டும். குறித்த நாள் கடந்தும் வலி காணாதவர்கள், தலைச்சன் பிள்ளை தாமதமாகத்தான் வரும் என்று வீட்டில் சொல்வதைக் கேட்டு இருந்துவிடாமல், 40 வாரம் முடிந்தவுடன் டாக்டரிடம் காட்ட வேண்டும். 41 வாரமானால் மருந்து கொடுத்து வலியை வரவழைப்பது வழக்கம். அதன் பின்னர் நஞ்சுக்கொடியின் போஷணை குறையக்கூடும்.